வலிக்கவில்லை என்று சொன்ன மகனுக்கு

மகனே தேசிங்கு,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லை. இரண்டும் தெரிந்துதான் எழுதுகிறேன், அதனால் நலம் விசாரிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். நீ போனை எடுக்காமல் இருப்பதால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் கொடுத்து, போட்டோ பிடித்து, நம் தோணிரேவு வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லப் போகிறேன். சின்ன நைனாவின் போனை எடுக்காதவன் குரூப்பைப் பார்க்காமலா இருந்துவிடுவான்? ஊரே படிக்கட்டும். நம் ஊரில் உன்னைப் போலவும் என்னைப் போலவும் கால் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். நீ என் அண்ணன் மகன்தான், நான் பெற்ற பிள்ளை இல்லைதான். ஆனால் உன் நைனா போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் என்ற முறையில், உன் மானத்தைக் கொஞ்சம் வாங்குவதற்கு எனக்கு உரிமை உண்டு.

முதலில் என் பெருமை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை, ஆளைப் பார்த்ததும் அவர்களுக்கே தோன்றியிருக்கும். காலையில் காப்பி வந்துபோன பிறகு வார்டு முழுக்க என் பக்கம் திரும்பிக்கொள்கிறது. பழவேற்காட்டு ஏரியைப் பற்றி நான்தான் பேச வேண்டும். முந்தாநாள் சொன்னபோது நான் பிடித்த கொடுவா மீன் இந்தக் கட்டிலின் நீளம் இருந்தது. நேற்று கேட்டவர்களுக்கு இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட வேண்டியதாகிவிட்டது. ஏழாம் வகுப்போடு நின்றவன் இப்படிப் பேசுகிறானே என்று பெரிய டாக்டரே கதவருகில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று நர்சம்மா சொல்கிறார், அதை நான் நம்பவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது மகனே. பயப்படுவதிலும் உன் சின்ன நைனா சாதாரண ஆள் இல்லை. இந்த வார்டில் என்னளவுக்குப் பயந்துபோனவன் இன்னொருவன் கிடையாது.

என் கால்களைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, அவற்றின் புகழைக் கேட்டே வளர்ந்தவன் நீ. ஏரியில் இறால் தடவப் போகிறவர்கள் வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு சேற்றில் முழங்காலும் கையுமாகத் தவழ்வார்கள். நான் மட்டும் நிமிர்ந்து நடந்து, பாதத்தாலேயே இறாலைக் கண்டுபிடித்து, பிறகுதான் குனிவேன் என்று ஊரில் பேச்சு. அதில் பாதி உண்மை, மீதியைச் சேர்த்தவன் நான். தெற்கே ஆளிச் சிப்பி ஓடுகள் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிற திட்டு இருக்கிறதே, எல்லாரும் அதைச் சுற்றிப் போவார்கள், நான் குறுக்கே நடப்பேன். "காலா அது, லாரி டயருடா" என்பார்கள். உண்மையைச் சொன்னால், நடுவயது வரைக்கும் அது வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்தேன். அப்புறம் எந்த வருஷம் என்று தெரியவில்லை, வலிக்கவே இல்லை. வீரம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். யாராவது அப்படி நினைப்பார்களா என்று இங்கே என்னைப் பார்க்கிற டாக்டரம்மா கேட்டார். எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள், எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்றேன். சர்க்கரை இருக்கிறவனுக்குக் கால் மரத்துப்போகும், அதுதான் முதல் ஆபத்து என்று அவர் சொன்னபோது, இத்தனை வருஷம் நான் வாங்கின கைதட்டல் எல்லாம் ஒரு நோய்க்குப் போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி மழை விட்ட அந்தக் காலைப்பொழுது உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு, "யாரு இங்க மீன் அறுத்தது? தரையெல்லாம் இப்டி ரத்தமாக்கி வெச்சிக்கிறீங்க" என்று கேட்டார். யாரும் மீன் அறுக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான். நீ என்னை உட்கார வைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாய். ஆளி ஓட்டின் சில்லு ஒன்று எத்தனை நாளாக அங்கே குடியிருந்ததோ, சுற்றிலும் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் நாவற்பழ நிறம். வாடையை முதலில் உணர்ந்தவன் நீ. எனக்கு அதுவும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மா என் காலில் ஏதோ பசையைத் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தார். முழங்கால் மடிப்பில் வைத்ததும் ரத்தம் ஓடுகிற சத்தம் பெட்டியில் உஷ் உஷ் என்று கேட்டது. கணுக்காலுக்கு இறக்கினார், தூரத்துக் காற்று மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். பாதத்தின் மேல் வைத்தார், ஒன்றுமில்லை. நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். என் தோளைப் பிடித்திருந்த உன் கை இறுகியது. பெட்டி கெட்டுப் போயிருக்கும்மா என்றேன். அவர் கருவியைத் தன் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் உடம்பில் ஒரு ஓரம் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

அவர் சொன்னதை நான் நம் பாஷையில் சொல்கிறேன், ஊரும் தெரிந்துகொள்ளட்டும். முகத்துவாரம் மணல் மூடிப் போனால் ஏரி என்ன ஆகும்? கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரித் தண்ணீர் சூடேறி நாறும், மீன் செத்து மிதக்கும். பாதம்தான் ஏரி. அதற்குப் போகிற ரத்தக்குழாய்தான் முகத்துவாரம். சர்க்கரை வருஷக்கணக்காக அதைக் கெடுத்துத் தூர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. தொடையில் அடைப்பு என்றால் வேறு குழாய் வைத்துத் தைப்பார்களாம், பலூன் விட்டுத் திறப்பார்களாம். எனக்கு முழங்காலுக்குக் கீழே எல்லாமே நூல் மாதிரி சன்னமாகிவிட்டது, தைக்க இடமில்லை. ஆகவே ஒன்று, காலை எடுப்பது. இல்லையென்றால் ஒரு ஆராய்ச்சியில் சேர்வது. ஸ்டெம் செல் என்று பெயர். தான் என்னவாக ஆக வேண்டும் என்று இன்னும் முழுசாக முடிவு செய்யாத செல்லாம் அது. அதை நிறைய வளர்த்து, கெண்டைக்கால் சதையில் இடம் இடமாக ஊசியால் போடுவார்கள். அதெல்லாம் உடனே புதுக் குழாயாக மாறிவிடும் இல்லையா என்று நான் எடுத்துக் கொடுத்தேன். இல்லை ஐயா, அது குழாயாக மாறுவதைவிட, பக்கத்தில் இருக்கிற சின்னக் குழாய்களை வளரச் சொல்லித் தூண்டுகிறது என்றுதான் நினைக்கிறோம், எல்லாருக்கும் நடக்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். கரையில் நின்று அதட்டி வேலை வாங்குகிற செல் என்று நான் வார்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். வலை மாதிரி நெய்த குழாயில் செல்லை ஒட்ட வைத்து வளர்த்து, ரத்தக்குழாயையே செய்து பார்க்கிறார்களாம். ஏரியில் கழி நட்டு வைத்தால் ஆளிக் குஞ்சு வந்து ஒட்டி, கொஞ்ச காலத்தில் கழியே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி. எனக்கு அதையே போடுங்கள் என்றேன். இவ்வளவு சன்னமான இடத்துக்கு அது இன்னும் வரவில்லை, உங்க பேரன் காலத்தில் வரலாம் என்றார். பேரன் என்றதும் நான் உன்னைப் பார்த்தேன். தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறவன், நீ வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த கடைசி நிமிஷம் அதுதான்.

அடுத்து நடந்ததை நீ மறக்கப் பார்க்கிறாய், நான் விடமாட்டேன். என் செல்லையே எடுத்து வளர்க்கலாமே என்று கேட்டேன். உங்க செல்லும் இத்தனை வருஷம் சர்க்கரையில் ஊறிக் களைத்துப் போயிருக்கும் ஐயா, அதனால் ஆரோக்கியமான வயசுப்பிள்ளைகள் கொடுத்ததிலிருந்து வளர்த்ததைப் போடுகிறோம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ சட்டைக் கையை மேலே ஏற்றினாய். "என்னோடத எடுத்துக்கோங்க மேடம். எலும்பா, ரத்தமா, இன்னா வேணுமோ எடுங்க. இவருக்கு வேற யாரோடதும் வேணாம்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.  டாக்டரம்மா உன் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு, தேவையானது ஏற்கெனவே தயாராக இருக்கிறது, உங்களுடையது வேண்டாம் என்றார். உங்க அப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றதும், வந்தது வந்தீர்கள், விரலை நீட்டுங்கள் என்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியைப் பார்த்தார். வேறு விரலில் மறுபடியும் குத்திப் பார்த்தார்.

"காலைல கேசரி சாப்ட்டேன் மேடம், அதான்" என்றாய்.

"கேசரிக்கு மட்டும் இவ்ளோ ஏறாது தம்பி. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, ஒழுங்கா பாத்துடலாம்."

மறுநாள் நீ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ரத்தம் பார்த்த அன்றைக்கே வராந்தாவில் வைத்து, யாரிடமும் சொல்லாதே சின்ன நைனா, கல்யாணம் நின்றுவிடும் என்றாய். என் காலுக்காக உன் எலும்பைக் கொடுக்க வந்தவன், உன் காலுக்காக ஒரு வேளைப் பட்டினி கிடக்க மாட்டேன் என்கிறாய். இதை நான் எந்த ஊரில் போய்ச் சொல்வது?

உன் நைனாவைப் பற்றி உனக்குப் பெரிய கதைகளாகச் சொல்லி வளர்த்தேன். புயலில் படகைத் திருப்பியது, கரையிலிருந்து வடம் வீசி ஆளைக் காப்பாற்றியது, எல்லாம். அவருடைய கடைசி மாதங்களை மட்டும் நான் கதையாக்கவில்லை, நீயும் சின்னவன். இப்போது கேள். அவருக்கும் விரல் கறுத்துதான் தொடங்கியது. மஞ்சள் அரைத்துக் கட்டினோம், அடுப்புச் சாம்பல் போட்டோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது கெண்டைக்கால் வரைக்கும் ஏறிவிட்டது, தொடையோடு காலை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, இல்லாத காலின் சுண்டுவிரல் வலிக்கிறது, பிடித்து விடு என்பார். நான் வெறும் பாயைப் பிடித்து விடுவேன். "அங்க இல்லடா, இன்னும் கீழ" என்பார். கால் இல்லாதவனுக்குக் கால் வலித்தது. கால் இருக்கிற எனக்கு வலிக்கவில்லை. இந்தக் கட்டிலில் படுத்து நான் யோசிப்பது இதைத்தான். எடுத்த காயம் ஆறுவதற்குள் அவர் போய்விட்டார். என் அண்ணன் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை, அந்தப் பாயைப் பார்த்துப் பயந்தார்.

இப்போது உன் காலில் ஏறின அந்த முள்ளுக்கு வருகிறேன். ஆராய்ச்சியில் என்னைச் சேர்ப்பார்களா என்று தெரியாமல் ஊரில் காத்திருந்த நாட்கள். காலில் கட்டுடன் கரையில் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். நீயும் மற்றப் பையன்களும் வலையை உதறிக்கொண்டிருந்தீர்கள். உதறினதில் ஒரு பெரிய கெளுத்தி விழுந்து, நீ மிதித்து, அதன் முள் உன் குதிகாலில் ஏறியது. கெளுத்தி முள் ஏறினால் நம் ஊரில் மலை மாதிரி ஆட்களும் மணலில் உருண்டு அம்மாவைக் கூப்பிடுவார்கள். நீ ஒரு காலைத் தூக்கி, குறடால் பிடுங்கி, தூக்கி எறிந்துவிட்டு, வலையை உதறப் போனாய். யாரோ விசில் அடித்தார்கள். "சித்தப்பன் காலு அப்டியே வந்துகீதுடா இவனுக்கு" என்று ஒரு குரல். மற்ற எந்த நாளாக இருந்தாலும் நான் எழுந்து நின்று வணக்கம் வைத்திருப்பேன். அன்றைக்கு எழவில்லை. உன்னைக் கிட்டே கூப்பிட்டேன்.

"வலிக்கலியாடா?"

நீ சிரித்தாய். "உனக்கு வலிச்சுதா இன்னா, எப்பயாவது?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்கப் பயந்தேன். நீ நிஜமாகவே உணரவில்லையா, அல்லது நான் இளவட்டத்தில் செய்ததுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு ஊருக்காகச் சிரித்தாயா? முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. மீன் கதையில் எவன் எத்தனை விரற்கடை கூட்டிச் சொல்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். என் மகன் முகத்தில் பொய் எது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நீ என் கண்ணில் படாமல் நழுவினாய், நான் இங்கே வந்த பிறகு போனையும் எடுக்கவில்லை.

இன்னொன்று. நீ யாரிடமும் சொல்லாதே என்றாய், நான் சொல்லிவிட்டேன். இங்கே வந்து சேர்வதற்கு முன்னால் சுண்ணாம்புக்குளம் போய், உன் மாமியார் ஆகப் போகிறவரிடம், பையனுக்குச் சர்க்கரை ஆரம்பித்திருக்கிற மாதிரி இருக்கிறது, இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார், உடைப்பதை நிறுத்தவில்லை. "எங்க வீட்ல யாருக்கு இல்ல? பொண்ணோட நைனா மாத்திரைய சோத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டு எம் பிராணன வாங்குறாரு. மாப்ளைய ஒழுங்கா டாக்டராண்ட காட்டச் சொல்லுங்க, அது போதும்" என்றார். பொண்ணு உள்ளே இருந்து ஒரு கேள்வி அனுப்பியது. "முள்ளுக்கே பயப்படாதவரு ஊசிக்குப் பயப்படுறாரானு கேளுங்க." நல்ல பொண்ணுடா. வாழ்க்கை முழுக்க உன்னை இப்படித்தான் வறுக்கும். கல்யாணம் ஆனதும் தினமும் அதனிடம் உன் உள்ளங்காலைக் காட்டு. வெட்கமாக இருந்தால் கண்ணாடியைத் தரையில் போட்டு நீயே பார். சேற்றில் இறங்கும்போது காலுக்கு எதையாவது போட்டுக்கொள். ஊர் சிரித்தால், என் பெயரைச் சொல்லிச் சிரிக்கச் சொல். தோணிரேவில் செருப்புப் போட்டு ஏரியில் இறங்கச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று நாளைக்கு அதையும் பெருமையாகப் பேசிக்கொள்வேன்.

என்னை ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் ஊசி. இதிலும் ஒரு பேஜாரு இருக்கிறது. சேர்ந்தவர்களில் சிலருக்குத்தான் செல். மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவனுக்கும் தெரியாது, போடுகிற டாக்டருக்கும் தெரியாது. அப்படிப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று நியாயமாகத் தெரியுமாம். உப்புத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்புத் தண்ணீரே போதும் என்று நர்சம்மாவிடம் சொன்னேன், அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைப் போட்டாலும் பலன் தெரிய மாசக்கணக்கில் ஆகும், அதற்குள் காயம் மேலே ஏறினால் காலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். என் காலைப் பொறுத்தவரை இனி நான் செய்ய ஒன்றுமில்லை. படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உன் கால் விஷயம் அப்படியில்லை. அது இன்னும் தொடக்கத்திலேயே இருக்கலாம், இப்போதே பிடித்தால் இந்தக் கட்டில் உனக்கு வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்கிறார். இருக்கலாம் என்றுதான் சொல்கிறார், இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறு. அம்மா இட்லி கட்டிக் கொடுப்பார், வாங்கிக்கொள், பிரிக்காதே. ஸ்டேஷனில் டீ குடிக்காதே. எவனாவது பிஸ்கட் நீட்டினால் உன் சின்ன நைனா செத்துவிட்டான், துக்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லித் தட்டிவிடு. நீ கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து இன்றுவரைக்கும் உன்னைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான், சாப்பிடவில்லை என்றால் உன் அம்மாவோடு சண்டைக்குப் போயிருக்கிறேன். நாளைக்கு அந்தக் கேள்விக்கு நீ இல்லை என்று சொல்ல வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு என் கட்டிலுக்கு வா. அந்த முள் ஏறினபோது வலித்ததா இல்லையா, என் காதில் மட்டும் சொல். வலித்தது, ஊருக்காக மறைத்தேன் என்று நீ சொன்னால், அதைவிட நல்ல சேதி எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கொடுக்க முடியாது. வலிக்கவில்லை என்று சொன்னால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம், கட்டிலில் இடம் இருக்கிறது. பசியோடு வா மகனே.

உன்
சின்ன நைனா